தொட்டிலும் மகாநாடும்



சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போயிருந்தேன். எதிரே வந்தாள் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, முகத்தில் கவலை.

"அத்தை, ஒரு யோசனை சொல்லுங்கள். சிதம்பரத்தில் மூன்று நாள் மகாநாடு. என்னைக் காரியதரிசியாக இருக்கச் சொல்கிறார்கள். வந்த கட்டுரைகளைப் படித்துப் பொறுக்க வேண்டும். யார் எப்போது பேசுவது என்று வகுக்க வேண்டும். வருகிறவர்களை ஸ்டேஷனில் வரவேற்க வேண்டும். இவனோ இன்னும் பால் மறக்கவில்லை. முடியாது என்று எழுதிவிடட்டுமா?"

'எழுதிவிடு, அம்மா' என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் பெரிய விஞ்ஞானிகளின் அறிமுகம் இங்கேதான் கிடைக்கிறது. ஒரு தடவை மறுத்தால் பாதகமில்லை. இரண்டாம் தடவை, "பாவம், கைக்குழந்தைக்காரி" என்று இரக்கப்படுவார்கள். மூன்றாம் தடவை கேட்கவே மாட்டார்கள். இரக்கத்தினாலேயே ஒருத்தியின் பெயர் ஜாபிதாவிலிருந்து போய்விடும்!

அவளுக்கு அஸீமா சாட்டர்ஜியின் கதையைச் சொன்னேன். 1944-இல் கல்கத்தா சர்வகலாசாலையில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்ற ரசாயன விஞ்ஞானி அவர். 1947-இல் மேல் ஆராய்ச்சிக்காக அமெரிக்கா புறப்பட்டபோது, கைக்குழந்தையையும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் கூடவே அழைத்துப் போனார். பிறகு ஸ்விட்ஸர்லாந்திலும் ஆராய்ச்சி செய்துவிட்டுத் தாயகம் திரும்பினார். நம் வயலோரங்களில் முளைக்கிறதே ஆரைக்கீரை, அந்த இனத்திலிருந்து வலிப்பு நோய்க்கு மருந்து கண்டவர் இவர்தான். 1975-இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். அந்த ஸ்தானத்தில் அமர்ந்த முதல் பெண்மணி!

"போங்கள் அத்தை! ஆயா வைத்துக்கொள்ள எனக்கு ஏது வசதி?" என்றாள்.

நியாயமான கேள்விதான். பிரசவ விடுமுறையை 2017-இல் 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுமுறை. எல்லாம் நல்லதே. ஆனால் வெளியூர் மண்டபத்தில் மூன்று நாள் நடக்கும் மகாநாட்டில் தொட்டில் கட்டுவது யார்?

"நீதானே காரியதரிசி? நீயே கட்டு!" என்றேன். "மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை கேள். தாழ்ப்பாள் உள்ள கதவு, மின்விசிறி, பாய், குடிதண்ணீர் போதும். கைக்குழந்தையுடன் வருகிறவர்களுக்குத் தனி அறை உண்டு என்று அழைப்பிதழிலேயே ஒரு வரி சேர்த்துவிடு. கட்டுரை படிப்பதைக் குழந்தை தூங்கிய பிறகு வீட்டிலேயே செய்யலாம், அதை ஏற்றுக்கொள். ஸ்டேஷனுக்குப் போகும் வேலையை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல். அந்த மூன்று நாளும் உன் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு உன்னோடு வரட்டும். அவருக்கும் அது பிள்ளைதானே?"

நேற்று வந்து சொன்னாள். அறை கேட்டதும் கமிட்டியில் ஒருவர் சிரித்தாராம். இன்னொருவர், "என் மகள் இதனால்தானே வேலையையே விட்டாள்" என்று சொல்ல, சிரிப்பு நின்றுவிட்டதாம். அறை கிடைத்தது. அழைப்புப் போன வாரத்திலேயே இரண்டு பெண்கள், குழந்தையுடன் வருவதாக எழுதிவிட்டார்கள். இத்தனை நாளும் அவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மாமியார்களே, தாய்மார்களே! உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு நாள் இப்படி ஓர் அழைப்பு வரும். "பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போகிறாய்?" என்று கேட்பது சுலபம். "எத்தனை மணிக்குப் பஸ்? நானும் வருகிறேன்" என்று கேட்டுப் பாருங்களேன்!