நினைத்தது நடக்காவிட்டால்...

நினைத்தது நடக்கவில்லை என்றால், மனிதன் முதலில் கடவுளைத்தான் கோபிக்கிறான். "தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டேனே, எனக்கா இந்தக் கதி?" என்று கேட்கிறான்.

மகளுக்குப் பேசிய இடம் தட்டிப்போகிறது. மகனுக்கு வேலை கிடைக்கவில்லை. விளைந்த பயிர் வெள்ளத்தில் போகிறது. மனம் உடைவது இயற்கைதான். ஆனால், கடவுள் கைவிட்டுவிட்டார் என்று அதோடு முடிவு கட்டிவிடலாமா?

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை அறியாதவர் இல்லை. அதைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தை பாதிரியார், டாக்டரும்கூட. ஆனால், மகளுக்கு இங்கே தங்க விருப்பம் இல்லை. அமெரிக்காவில் சுகமாக வாழவே ஆசைப்பட்டார்.

1890-களில் தாயாருக்கு உடல்நலம் குன்றியது. கொஞ்ச நாள் உடனிருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திண்டிவனம் வந்தார். ஒருநாள் இரவு, மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே சொல்லிவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. பொழுது விடிந்தபோது, மூன்று பெண்களும் உயிரோடு இல்லை!

ஏன் இப்படி நடந்தது? யாராலும் பதில் சொல்ல முடியாது. அந்தச் சாவுகளைக் கடவுளின் திட்டம் என்று சொல்வதும் நியாயம் ஆகாது. ஆனால், "இனிச் செய்ய வேண்டியது என்ன?" என்ற கேள்விக்கு ஐடாவுக்குப் பதில் கிடைத்தது. அதையே கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டார். அமெரிக்கா சென்று, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூருக்கு வந்தார்.

ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வந்தது. 1960-ல் அவர் மறைந்தார். ஆஸ்பத்திரி இன்றும் உயிர்களைக் காக்கிறது.

எல்லாருடைய துன்பமும் இப்படிப் பெரிய காரியமாக முடிந்துவிடாது. கடவுள் நம்பிக்கை கொடுக்கல் வாங்கல் அல்ல. "இவ்வளவு கும்பிட்டேன், இவ்வளவு கொடு" என்று கேட்டால், அது வியாபாரம். "அவன் பார்த்துக்கொள்வான்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அது சோம்பல்.

காரணம் புரியாத நேரத்திலும், கண்முன் இருக்கும் கடமையைச் செய்வதே நம்பிக்கை. சம்பந்தம் தட்டிப்போன வீட்டில், மகளைப் பழிக்காமல் அணைத்துக்கொள்வது நம்பிக்கை. வெள்ளம் வடிந்த வயலில், மறுபடியும் விதையோடு இறங்குவது நம்பிக்கை.