ஏரிக்குச் சங்கம் உண்டு, ஏரியில் மண் சுமந்தவருக்கு?

மேட்டூர் அணையின் உபரிநீரைக் கொண்டு சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்துக்கு 565 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எடப்பாடி, ஓமலூர், சங்ககிரி, மேட்டூர் வட்டாரங்களுக்குத் தண்ணீர் வருவது தேவையான வேலைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கேட்பது வேறு. ஏரியைப் பற்றிய செய்தி எந்தத் தெருவரை போகிறது?

மடை எப்போது திறக்கும், கரையைப் பலப்படுத்த மதிப்பீடு எவ்வளவு, வண்டல் மண்ணுக்கு எப்போது அனுமதி கிடைக்கும்? இதையெல்லாம் முதலில் அறிபவர்கள் பாசனச் சங்க உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி, பாசனப் பரப்பில் நிலம் உள்ளவரே உறுப்பினர். வாக்களிப்பவரும் அவர், தலைவராகிறவரும் அவர். அதே ஏரியில் மாடு குளிப்பாட்டும், மீன் பிடிக்கும், கரையில் கூலிக்கு மண் வெட்டும் நிலமற்ற அருந்ததியர், பறையர் குடும்பங்கள் சங்கத்தின் கணக்கிலேயே இல்லை.

2017இல் குடிமராமத்துத் திட்டம் தொடங்கியபோது 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அப்போது முதலமைச்சராக இருந்து பொதுப்பணித் துறையையும் கையில் வைத்திருந்தவர் எடப்பாடி பழனிசாமி. பணிகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்குத் தரப்பட்டன. ஒப்பந்ததாரரை விலக்கி மக்களிடமே வேலையைக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். எந்த மக்களிடம்? தமிழ்நாட்டு மக்களில் 100க்கு 20 பேர் பட்டியல் சாதியினர். நன்செய் நிலத்தில் அவர்கள் பங்கு என்ன என்பது கிராமத்தில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். நிலத்தைத் தகுதியாக வைத்தால், சாதியின் பெயரை எழுதாமலே சாதியைத் தகுதியாக வைத்ததாகும்.

இது புதிதல்ல. 1858இல் மதராஸ் மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால், ஊர்த் தலைவர்கள் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களை வேலைக்கு அழைக்கலாம் என்றது அது. அழைப்பவர் ஒருவர், மண் சுமப்பவர் இன்னொருவர். இன்று குடிமராமத்து என்ற பழம்பெயரைப் பெருமையாகப் பேசுவோர் இந்தப் பகுதியைப் பேசுவதில்லை. தமிழகத்தின் பல பகுதிகளில் மடை திறந்து நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். இரவெல்லாம் ஏரியைக் காத்தவருக்கு ஏரியைப் பற்றிய முடிவில் இடமில்லை.

நிலம் வைத்திருப்பவன்தானே தண்ணீர் பாய்ச்சுகிறான், அவனுக்குத்தானே சங்கம் என்று கேட்பார்கள். மடை முறை பேச மட்டும் சங்கம் கூடினால் இந்த வாதத்துக்கு ஓரளவு பொருள் உண்டு. பொதுப்பணத்தில் பொது ஏரியைத் தூர்வாரும் அதிகாரம் அதன் கைக்கு வந்த பிறகு இது தனியார் காரியம் அல்ல. ஏரி நிறைந்தால் நிலக்காரர் கிணறு ஊறும். நிலமற்றவருக்கு வேலை, மீன், மேய்ச்சல். இரண்டும் பயன்பாடுதான்.

அம்பேத்கரை மகாத் குளத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். 1927இல் அவர் கேட்டது குளத்தில் நீர் அள்ளும் உரிமை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் பொதுப்பணியும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் அவர் ஒருவர். தண்ணீரைத் தொடுவதோடு நில்லாமல், தண்ணீரை நிர்வகிக்கும் இடத்துக்கும் போனார். நாமும் அங்கேதான் போகவேண்டும்.

கோரிக்கைகள் எளியவை. ஏரியை நம்பி வாழும் நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் வாக்குரிமையோடு உறுப்பினர் தகுதி வேண்டும். ஒவ்வொரு பணியின் மதிப்பீடும் செலவும் அருந்ததியர் தெருவிலும் எழுதி வைக்கப்படவேண்டும். சங்கத்தின் கணக்கு கிராமசபையில் வாசிக்கப்படவேண்டும். அங்கே உட்கார நிலம் தேவையில்லை, வாக்காளராக இருந்தால் போதும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாளும்கூட. தோழர்களே, அன்று உங்கள் ஊரில் எழுந்து நின்று, நம் ஏரிச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் படியுங்கள் என்று கேளுங்கள். அதில் எந்தெந்தத் தெருக்காரர் பெயர் இல்லை என்பதை ஊரே கேட்கட்டும்.