கேசட் அட்டையில் இல்லாத பெயர்

மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், 1986 முதல் ஒன்பது வருஷம் ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுப்பார். காலி கேசட்டில் பதிந்து, அட்டையில் என் கையெழுத்தில் ஏ பக்கம், பி பக்கம் எழுதித் தருவேன். பெரிய வாடிக்கை மைக்செட்காரர்கள்தான். பங்குனி பிறந்தால் போதும், மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று எல்லாத் திசையிலிருந்தும் டிவிஎஸ் 50இல் வந்து நிற்பார்கள்.

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன பொங்கலுக்கு ஒரு சின்ன இசைத்தட்டோடு வந்தான். "மாமா, பாட்டு உங்களுக்குப் பிடிக்காது. அட்டையை மட்டும் பாருங்க" என்றான். பஸ்காக்ஸ் என்ற அந்த ஊர்க் குழு 1977 ஜனவரியில் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. எந்தக் கம்பெனி வாசலிலும் காத்துக் கிடக்காமல், வேண்டியவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி, முதலில் 1000 பிரதி அடித்திருக்கிறார்கள். நாலே பாட்டு. ஒவ்வொன்றும் எத்தனையாவது தடவை வாசித்தபோது பதிவானது, பின்னால் ஏதாவது ஒலி சேர்த்தார்களா என்பதெல்லாம் அட்டையிலேயே இருக்கிறது. மறு வருஷம் லண்டனில் ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற குழு இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்டுடியோவுக்கு இவ்வளவு, தட்டு அடிக்க இவ்வளவு, ரப்பர் ஸ்டாம்புக்கு இவ்வளவு என்று மளிகைக் கணக்கு மாதிரி ஜெராக்ஸ் எடுத்த அட்டையில் போட்டுவிட்டார்கள். ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டுக் கடை 1978இல் தானே லேபிள் தொடங்கியது. செலவு போக மிச்சத்தில் பாதி குழுவுக்கு, பாதி கடைக்கு என்பது அவர்கள் வழக்கம். அடுத்து வந்த கிடார் குழுக்கள் பலவும் இந்தத் தடத்தில்தான் நடந்தன.

பாட்டையும் கேட்டேன். தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை. என் காதுக்கு ஒட்டவில்லை. ஆனால் அந்த அட்டை என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் அவர்கள் செய்ததை நாங்களும் செய்தோம், அதைவிட மலிவாக. அழகர் வர்ணிப்பு, தெம்மாங்கு, ஒப்பாரி என்று சினிமா தொடாத சரக்கு எங்கள் கடையில் ஓடியது. 1991 பங்குனியில் மானாமதுரைப் பக்கமிருந்து ஒரு வர்ணிப்பாளர் வந்தார். தெருச் சத்தம் அடங்கியபின் ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்தி, ஒரே ஒரு மைக்கை வைத்தோம். பக்கவாத்தியம் கிடையாது. கண்ணை மூடி, எடுத்த எடுப்பில் முக்கால் மணி நேரம் பாடினார். முடிக்கிற இடத்தில் இருமிவிட்டார். "அதை வெட்டிருப்பா" என்றார் முதலாளி. வெட்டினால் கடைசி அடியும் சேர்ந்து போகும் என்று விட்டுவிட்டேன்.

பெரியவருக்கு 300 ரூபாயும் ஒரு வேட்டியும் கொடுத்து அனுப்பினோம். அந்தச் சித்திரையில் மட்டும் எத்தனை பிரதி போட்டேன் என்று எண்ணவில்லை, இரண்டு டெக் சூடேறிப் படுத்ததுதான் நினைவிருக்கிறது. அட்டையில் குதிரை வாகனத்தில் அழகர். கடையின் பெயர் பெரிதாக. பாடியவர் பெயர் போட இடமில்லை என்று நான்தான் சொன்னேன். இடம் இருந்தது.

இந்த ஊர் பாடகரை மறந்துவிடும் என்று புலம்ப வரவில்லை. பரவை முனியம்மா 2003இல் 'தூள்' படத்தில் பாடியபின் தமிழ்நாடே அவரைத் தெரிந்துகொண்டது. அதற்கு முன்பே எத்தனையோ வருஷம் கிராமிய மேடைகளில் பாடியவர். சினிமா கைதூக்கிவிட்டால்தான் பெயர் என்ற அந்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன்.

இப்போது கேசட் இல்லை, யூடியூப் சேனல் இருக்கிறது. உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பையன்கள் ஒரு செல்போனையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு பாட்டு எடுக்கிறார்கள், நன்றாகவே எடுக்கிறார்கள். ஆனால் பாடுகிற அம்மாவுக்கு ஒரு தடவை கையில் கொடுக்கும் காசோடு சரி, விளம்பர வருமானம் சேனலுக்கு. 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் சுற்றிய பாட்டு. 2021இல் வந்த அதிலிருந்து தனக்கோ, பாடிய தீக்கோ, அறிவுக்கோ ஒரு பைசாகூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் பக்கத்து விளக்கத்தைக் கொடுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. கணக்கு முதல் நாளே பாட்டோடு சேர்ந்து வெளிவந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே வேலை இருந்திருக்காது.

ஆகவே சேனல் நடத்தும் தம்பிகளே, பாட்டுக்குக் கீழே பாடியவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். எடுக்க எவ்வளவு செலவு, வருவதில் அவருக்கு எத்தனை பங்கு என்பதையும் போடுங்கள். நாலு வரி போதும். "கணக்கைப் பொதுவில் வைத்தால் பொழைப்பு என்னாவது?" என்று ஒரு தம்பி கேட்டார். கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவை நோட்டீஸ் அடித்து ஒட்டுகிற ஊர்தானே இது?

இந்தச் சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, ஏதோ ஒரு சேனலில் அந்த வர்ணிப்பு ஓடியது. யாரோ பழைய கேசட்டிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். பாடியவர் என்ற இடத்தில் 'மரபுப் பாடல்' என்று இருந்தது. கடைசியில் அந்த இருமல் அப்படியே இருந்தது. அக்கா மகனுக்கு அனுப்பினேன். "யார் மாமா இவர்?" என்று கேட்டான்.

பெயரை நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.