முதலில் படம், பிறகு எழுத்து

சிறுவர்க்கான தமிழ்ப் படக்கதையைக் கையில் எடுத்தால் நம்மில் பலர் வரிக்கு வரி வாசித்து, பக்கத்தைப் புரட்டி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். குழந்தை கதை கேட்டது, சரி. வாசிக்கக் கற்றதா? படத்தில் நின்று பேசினால்தான் படக்கதையின் முழுப் பயன் கிடைக்கும் என்பது என் கருத்து.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கும் அதற்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2010இல் இது 3.3 விழுக்காடு. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கும் பழகியது பேச்சுத் தமிழ்தான். புத்தகத்தில் இருப்பதோ எழுத்துத் தமிழ். “மழை பெய்யுது” என்று சொல்லும் பிள்ளை, “மழை பெய்கிறது” என்ற வரியைக் கண்டதும் தயங்குகிறது.

இந்த இடைவெளியைப் படம் குறைக்கும். வரியை வாசிக்கும் முன், “இங்க என்ன நடக்குது?” என்று கேளுங்கள். பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லட்டும். ஆங்கிலச் சொல் கலந்தாலும் பரவாயில்லை. பிறகு எழுத்துகளை விரலால் தொட்டு வாசியுங்கள். தான் சொன்னதுதான் அங்கே எழுதியிருக்கிறது என்று புரிந்தால், பாதிச் சுமை இறங்கிவிடும்.

படத்தைப் பார்த்து ஊகிக்கும் பிள்ளை எழுத்தைக் கவனிக்காது என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அது நியாயம்தான். அதனால் மறுநாள் அதே புத்தகத்தை எடுத்து, படத்தைக் கையால் மறைத்து வாசிக்கச் சொல்லலாம். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் பயம் இருக்காது. ஆனால் எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. நம் பொது நூலகங்களில் சிறுவர்க்கான தமிழ் நூல்களை இரவல் பெறலாம். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்தில், வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம்.

வாசித்துக் காட்டுவதைப் பெற்றோருக்கே விட்டுவிட வேண்டியதில்லை. வீட்டுத் தமிழும் பள்ளித் தமிழும் அறிந்த அண்ணன்களும் அக்காள்களும் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். ஆங்கிலத்தில் கதைப் புத்தகம், தமிழில் பயிற்சித்தாள் மட்டும் என்று வளரும் தம்பி தங்கைகளுக்குத் தமிழ் வெறும் தேர்வுப் பாடமாகிவிடும். இந்த வார இறுதியில் ஒரு படக்கதையை இரவல் வாங்குங்கள். பத்து நிமிடம் போதும். பக்கத்தைப் புரட்ட அவசரப்படாதீர்கள்.