புத்திரன் கரையேற்றிய லட்சணம்

கன்னட ஆசிரியர் சிவராம காரந்த் 1941-ல் எழுதிய "மரளி மண்ணிகெ" என்னும் நாவல், "மண்ணும் மனிதரும்" என்ற பெயரால் தமிழிலும் வந்திருக்கிறது. அதைப் படித்த சிலர், "இங்கிலீஷ் படிக்கப் போன பிள்ளை ஊர்சுற்றியாகிக் குடும்பத்தைக் கெடுத்தான், பேரன் மண்ணுக்குத் திரும்பி மீட்டான், ஆகவே படிப்பே கேடு, மண்ணே தெய்வம்" என்பதாக வியாக்கியானம் செய்கிறார்கள். அந்தப் பேரனும் சென்னைக்கு வந்து படித்தவன்தானே! படிப்பு ஒருவனைக் கெடுத்ததென்றால் மற்றவனை ஏன் கெடுக்கவில்லை என்று நாம் கேட்கிறோம்.

கதையைக் கவனியுங்கள். தென் கன்னடக் கடலோரத்துச் சிற்றூரில் ராம ஐதாளர் என்ற புரோகிதர். பிள்ளையில்லை. "புத்" என்ற நரகத்திலிருந்து கரையேற்றப் புத்திரன் வேண்டும் என்பது சாஸ்திரமல்லவா? முதல் மனைவி பாரோதி உயிரோடிருக்கும்போதே இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார். (நரகத்தைக் கண்டு திரும்பியவர் எவரும் இல்லை, கண்டதுபோல் எழுதியவர்கள்தான் உண்டு.) அந்த அம்மாளைக் கேட்டாரா? கேட்கிற வழக்கம் ஏது? பிறந்தான் லச்சன். அந்த ஒரே சீமந்த புத்திரன் வீட்டோடு ஒட்டாமல் திரிந்தான், சொத்தை அழித்தான், மனைவி நாகவேணிக்கு நோயையும் கொடுத்தான். தகப்பனை எந்த நரகத்திலிருந்து கரையேற்றினான்?

இத்தனை காலமும் அந்த வீட்டில் சோறு விளைந்தது யார் கையால்? பாரோதியும், விதவையாய்த் தமையன் வீட்டில் தங்கிவிட்ட சரசோதியும் வயலில் பாடுபட்ட கையால்! மண்ணை விட்டு ஓடியவனுக்கு வாரிசு உரிமை. மண்ணிலேயே மாண்டவர்களுக்கு அடுப்படி. ஆசிரியர் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்; அந்த யோக்கியத்தன்மையை நாம் பாராட்டுகிறோம். அதைக் கண்டும் காணாததுபோல் மண் வாசனை பேசுகிறவர்கள் மேல்தான் நமது சண்டை.

சட்டமாவது காப்பாற்றியதா? 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டபோது நையாண்டி செய்தார்கள். 1937-ல் வந்த சட்டமோ விதவைக்கு ஆயுள் வரைக்குமான ஒரு பங்கைக் காட்டியது. அதையும், இந்த நாவல் வந்த அதே 1941-ல், மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று பெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. பாத்திரம் பண்டத்தில் பங்கு, நிலத்தில் இல்லை! பிதிரார்ஜித சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. இந்தியா முழுவதற்கும் 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வந்த பிறகும் என்ன நடக்கிறது? "அண்ணன் தம்பி உறவு வேண்டாமா?" என்று கேட்டு, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நம் இயக்கத் தோழர்கள் வீட்டிலேயே இது நடந்ததை நாம் அறிவோம். நாவலைக் கீழே வைத்ததும், உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்து அதில் யார் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள்.