சைக்கிளின் கனமும் சம்பளத்தின் கனமும்



சென்ற இதழில் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும் முறையைப் பார்த்தோம். இந்த முறை வீட்டிலுள்ள இளவட்டங்களின் பக்கம் திரும்புவோம். ஆனால் தாய்மார்களே, இது நமக்கு வேண்டாத விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செலவு கடைசியில் உங்கள் மணிபர்சிலிருந்துதான் போகப் போகிறது!

விஷயம் இதுதான். கோல சிலாங்கூர், ஜெரம், ஈஜோக், தஞ்சோங் காராங் எங்கு பார்த்தாலும் ஞாயிறு காலையில் ரேஸ் சைக்கிள்கள் வரிசையாகப் போகின்றன. நம் வீட்டுப் பிள்ளையும் காசு சேர்த்து ஆரம்ப ரகத்தில் ஒன்று வாங்கிவிடுகிறான். அலுமினியச் சட்டம், எடை பத்து அல்லது பதினொரு கிலோ. முதல் மாதம் துடைத்துத் துடைத்து வைக்கிறான். மூன்றாம் மாதம், “அப்பா, சைக்கிள் கனமாக இருக்கிறது. கூட்டாளி வைத்திருப்பது எட்டே கிலோ. சக்கரத்தை மாற்ற வேண்டும், ஹேண்டலை மாற்ற வேண்டும்” என்று ஆரம்பிக்கிறான்.

“நாங்கள் இருபது கிலோ ரேலி சைக்கிளில் பால்வாளியையும் கட்டிக்கொண்டு விடியற்காலையில் பெரட்டுக்குப் போனவர்கள்!” என்று அப்பா சீறுவார். பாவம் பிள்ளை என்று அம்மா ஓவர்டைம் காசை எடுத்துக் கொடுப்பார். இரண்டுமே அவசரம். கனத்தைக் குறைப்பதால் என்ன கிடைக்கும், எதை முதலில் மாற்றலாம், எதில் கையே வைக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் சண்டையும் வராது, காசும் வீணாகாது.

சமவெளிக்கு ஒரு கணக்கு, மேட்டுக்கு ஒரு கணக்கு

நம் வட்டாரம் எப்படிப்பட்டது? கிள்ளானிலிருந்து காப்பார், ஜெரம், கோல சிலாங்கூர், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை பலகை மாதிரி தட்டையானது. கோல சிலாங்கூரில் மேடு என்று சொல்ல வேண்டுமானால் குரங்குகள் கூடும் புக்கிட் மெலாவத்தியைத்தான் சொல்ல வேண்டும்!

தட்டையான சாலையில் வேகமாகப் போகும்போது நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் எதிர்க்காற்று. அதற்கு அடுத்தது டயர் சாலையில் உரசி உருளும் தடை. கனத்தின் பங்கு மிகச் சொற்பம். சைக்கிளில் ஒரு முழுக் கிலோ குறைத்தாலும் ஒரு மணி நேர ஓட்டத்தில் மிச்சமாவது சில நொடிகள்தான்.

மலை ஏறினால் கதை வேறு. கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கோ, பத்தாங் காலி பக்கமிருந்து கெந்திங்கிற்கோ ஏறும்போது ஒவ்வொரு கிலோவையும் நம் கால்தான் மேலே தூக்குகிறது. ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 10 கிலோ, ஆகமொத்தம் 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிலோ குறைந்தால் எண்பதில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏறக்குறைய முக்கால் நிமிடம் மிச்சம். பந்தயக்காரருக்கு முக்கால் நிமிடம் பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அது ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்.

ஆகவே, தம்பி, முதல் கேள்வியை உன்னையே கேட்டுக்கொள்: நீ ஓட்டுவது செகிஞ்சானுக்கா, பிரேசர் மலைக்கா?

முதலில் தராசு, பிறகு கடை

எடை தெரியாமல் எடையைக் குறைக்க முடியாது. மீன் கடையில் இருப்பது போன்ற தொங்கு தராசில் சைக்கிளை மாட்டிப் பாருங்கள். பயணப் பெட்டி நிறுக்கும் சிறு தராசும் போதும். அன்றைய எடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

அடுத்து, காசில்லாமல் குறைகிற கனம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். பக்கவாட்டு ஸ்டாண்டு ஒன்றே அரைக் கிலோவரை இருக்கும். சீட்டுக்கடியில் தொங்கும் பையில் தேவையில்லாத ஸ்பேனர்கள். முதுகுப் பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், அதாவது ஒன்றரைக் கிலோ! வழியில் கடை இருக்கும் பாதையில் ஒரு போத்தல் தண்ணீர் போதும். கழற்றுகிறேன் என்று பின்பக்கச் சிவப்பு விளக்கையும் மணியையும் கழற்றிவிடாதே. அவை சில கிராம்தான், செய்கிற வேலையோ பெரியது.

செலவு செய்யும்போது, தாய்மார்களே, மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் கணக்கையே இங்கேயும் போடுங்கள். புதிய சாமானின் விலையை, அதனால் குறையும் கிராமால் வகுத்துப் பாருங்கள். நூறு வெள்ளி கொடுத்து 200 கிராம் குறைந்தால் கிராமுக்கு ஐம்பது காசு. நானூறு வெள்ளி கொடுத்து 100 கிராம்தான் குறைந்தால் கிராமுக்கு நாலு வெள்ளி. நோட்டில் இப்படி எழுதி வைத்தாலே பாதி ஆசை தானாக அடங்கிவிடும்.

டயரும் டியூபும் முதல் இடம்

இந்தக் கணக்கில் எப்போதும் முன்னால் வந்து நிற்பவை டயரும் டியூபும்தான். ஆரம்ப ரகச் சைக்கிளோடு வரும் டயரின் உள்விளிம்பில் இரும்புக் கம்பி இருக்கும். ரப்பரும் தடிப்பாக இருக்கும். அதற்குப் பதில் மடித்து வைக்கக்கூடிய நல்ல டயர் போட்டால் ஒவ்வொன்றிலும் ஐம்பது முதல் நூறு கிராம்வரை குறையும். சாதாரண டியூப் நூறு கிராமுக்கு மேல். இப்போது வரும் டி.பி.யூ. என்னும் மெல்லிய டியூப் ஏறக்குறைய நாற்பது கிராம்தான். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தால் முந்நூறு கிராம் போலக் குறைந்துவிடும்.

அதைவிட முக்கியமான ஆதாயம் ஒன்று உண்டு. நல்ல டயர் இலேசாக உருளும். கனம் குறைந்ததால் கிடைப்பது சில நொடிகள் என்றால், உருளும் தடை குறைந்ததால் ஒரு மணி நேர ஓட்டத்தில் நிமிடக் கணக்கிலேயே மிச்சமாகலாம். நம் தட்டைச் சாலைக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது.

ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றை மறக்கக் கூடாது. லயத்திலிருந்து பெரிய சாலைக்கு வர செம்மண் பாதையில் ஓட்ட வேண்டியவர்களுக்குச் செம்பனை மட்டை முள்தான் முதல் எதிரி. பந்தயத்துக்கென்றே செய்த காகிதம் போன்ற டயரை அங்கே கொண்டுபோனால் வாரம் ஒரு பஞ்சர் நிச்சயம். நடுவில் முள் தடுக்கும் பட்டை வைத்த டயராக வாங்குங்கள். ஐம்பது கிராம் கூடினால் கூடட்டும்.

டி.பி.யூ. டியூபுக்குச் சாதாரண ஒட்டு ஒட்டாது, அதற்கென்று தனி ஒட்டு வேண்டும். அதற்குச் சூடும் ஆகாது. ரிம்மைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள சைக்கிளில் மலை இறக்கம் முழுக்கப் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும். அப்படி ஓட்டுபவர்கள் சாதாரண டியூபிலேயே இருப்பது நல்லது.

சட்டத்தில் இடமிருந்தால் 28 மில்லிமீட்டர் அகல டயர் நம் சாலைகளுக்கு ஏற்றது. எழுபது கிலோவுக்குள் இருப்பவர் 70 முதல் 80 பி.எஸ்.ஐ. காற்று வைத்தால் போதும். கல்லு மாதிரி காற்றடித்தால் வேகம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. கரடுமுரடான சாலையில் அது உடம்பைக் குலுக்குமே தவிர வேகத்தைக் கூட்டாது.

அவசரப்படக் கூடாதவை

அடுத்து இளைஞர்களின் கண் போவது சக்கரத்தின் மேல். ஆரம்ப ரகச் சக்கர ஜோடி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். நல்ல அலுமினிய ஜோடி ஒன்றரைக் கிலோ அளவில் கிடைக்கிறது. அரைக் கிலோ குறைவது உண்மையே. சக்கரத்தில் குறையும் கனம் இரட்டிப்புப் பலன் தரும் என்று கடைகளில் சொல்வார்கள். நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கும்போது மட்டுமே அதில் உண்மை உண்டு. ஒரே சீராக ஓட்டும்போது சக்கரத்துக் கிலோவும் சட்டத்துக் கிலோவும் ஒன்றுதான்.

வாங்குமுன் உங்கள் பின்சக்கரப் பல்சக்கரம் திருகி மாட்டும் ஃப்ரீவீலா, நழுவி மாட்டும் கேசட்டா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு கியர் சைக்கிள்கள் பலவற்றில் திருகும் வகையே இருக்கும். புதிய சக்கரம் அதற்குப் பொருந்தாது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு விழிப்பதில் பயனில்லை.

கார்பன் சக்கரமா? 2025-ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு ஜோடி கார்பன் சக்கரத்தின் விலை சுலபமாக அதை எட்டிப் பிடித்துவிடும். ஒரு மாதம் முழுக்கக் குலை வெட்டிய உழைப்பை இரண்டு வட்டத்தில் போடுவதா என்று குடும்பமாக உட்கார்ந்து யோசியுங்கள்.

பெயர் தெரியாத மலிவுக் கார்பன் ஹேண்டலும் முன்போர்க்கும் வேண்டவே வேண்டாம். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும், கார்பன் சொல்லாமல் முறியும். சீட்டைக் கனத்துக்காக மாற்றாதே, உட்கார வலித்தால் மாற்று. கியர், செயின் முதலியவற்றைத் தேயும்வரை ஓட்டிவிட்டு, மாற்றும் நாளில் நல்லதாக வாங்கு. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் போனால், அந்தக் காசுக்குக் கைமாறி வரும் நல்ல சைக்கிளையே வாங்கிவிடலாம்.

சைக்கிளோடு சேர்த்து உடம்பையும் இளைக்க வைக்கிறேன் என்று சில பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள். வளரும் வயதில் அது தவறு. வயிறார உண்டு, முழங்கையைச் சற்று மடித்துக் குனிந்து ஓட்டப் பழகினால் எதிர்க்காற்றே குறையும். அதற்குச் செலவு ஒரு காசுமில்லை.

தொடவே கூடாதது

இனிச் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. கையில் காசில்லாத பிள்ளை என்ன செய்கிறான்? கழற்றுகிறான். முதலில் கழற்றுவது முன் பிரேக்கை!

முன் பிரேக்கின் எடை ஏறக்குறைய 200 கிராம். ஒரு கோப்பை தேத்தண்ணீர் அளவு. ஆனால் வேகமாகப் போகும் சைக்கிளை நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி அந்த முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதைக் கழற்றுவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது போலத்தான்.

“அசிசுல்ஹஸ்னி அவாங் ஓட்டுவது பிரேக் இல்லாத சைக்கிள்தானே?” என்று பிள்ளை கேட்கலாம். உண்மைதான். 2016-இல் ரியோவில் வெண்கலமும், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்ற அவருடைய சைக்கிளில் பிரேக் இல்லை. ஆனால் அது வட்டரங்கில் ஓடும் சைக்கிள். மிதிப்பதை நிறுத்தினால் சக்கரமும் மெதுவாகும்படி செய்தது. அந்த அரங்கில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வருவதில்லை! 1972-இல் மெக்சிகோவில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்த சைக்கிள், பாகங்களில் துளையெல்லாம் போட்டு ஆறு கிலோவுக்கும் கீழே இறக்கப்பட்டது. அதுவும் வட்டரங்கில் அந்த ஒரு மணி நேர ஓட்டத்துக்காகச் செய்ததே. சாலைப் பந்தயங்களிலோ, 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை அனுமதிப்பதில்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே அனைத்துலகச் சைக்கிள் சங்கம் விதி வைத்துவிட்டது.

2017 பிப்ரவரி 18 விடியற்காலையை மறக்க முடியுமா? ஜொகூர் பாரு உள்வட்டச் சாலையில், ‘பாசிக்கல் லாஜாக்’ என்னும் மாற்றியமைத்த சைக்கிள்களில் கூடியிருந்த பிள்ளைகள் கூட்டத்தில் ஒரு கார் மோதியது. எட்டுப் பேர் மாண்டார்கள். அனைவரும் 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியை விடுதலை செய்தது. தீர்ப்பு எதுவாக இருந்தாலும் அந்த எட்டுத் தாய்மாருக்கு என்ன ஆறுதல்?

பெற்றோர்களே, இன்று மாலையே பிள்ளையின் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா? ரப்பர் தேய்ந்திருக்கிறதா? பிரேக் கேபிள் நைந்திருக்கிறதா? சக்கரம், சீட்டு எதற்குக் காசு கேட்டாலும் “யோசிக்கலாம்” என்று சொல்லுங்கள். பிரேக்கு ரப்பருக்குக் கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள்.

அதே சமயம், சைக்கிள் ஓட்டுகிறான் என்பதற்காகப் பிள்ளையைக் கரித்துக் கொட்டாதீர்கள். நம் இனத்தவரான எம். குமரேசன் 1988-இல் சோல் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகச் சைக்கிள் ஓட்டியவர். அக்காலத்துப் பந்தயச் சைக்கிள்களில் பெரும்பாலானவை எஃகுக் குழாயால் செய்தவை. ஒன்பது, பத்துக் கிலோ இருந்தன. இன்று உன் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளும் ஏறக்குறைய அந்தக் கனம்தான், தம்பி! இந்த மாதம் டயரை மாற்று, பிரேக்கைப் பார், மிச்சத்தைக் கால் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் வீட்டுச் சுவரில் ஏறும் ஈரத்தைப் போக்கும் வழிகளைப் பார்ப்போம்.