குடில் கட்ட ஆள் வேண்டும்

குமரி மாவட்டத்து வீடுகளிலும் இப்போது கிறிஸ்துமஸ் குடில் அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிறது. ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. எனக்கு அதுதான் குறை. வைக்கோலுக்கு அலைவது, நெல்லை முளைக்கவைத்துப் புல்வெளி ஆக்குவது, மூங்கில் சீவி நட்சத்திரம் ஒட்டுவது, ஒட்டகம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் மல்லுக்கு நிற்பது எல்லாம் சேர்ந்ததுதானே பண்டிகை? 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் நிஜ மாடும் கழுதையும் நின்றன. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. அடுக்களையில் பெரியவர்கள் இன்னும் கூடி உட்கார்ந்துதான் முந்திரிக்கொத்து உருட்டுகிறார்கள். பிள்ளைகளின் வேலையை மட்டும் ஏன் பிடுங்குகிறோம்? இந்த டிசம்பரில் மண்ணையும் ஓலையையும் கொடுத்து அவர்களை முற்றத்தில் விட்டுவிடுங்கள். குடில் கோணலாக நின்றால் நிற்கட்டும்.